பெரியப்பாவின் ஐம்பது மூச்சு

பெரியப்பாவின் நினைவு விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். இது ஒரு பக்கத்தில் அடங்காது. இடம் போதாவிட்டால் நகைக்கடை விளம்பரம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குக் காது. ஆனாலும் அந்த மாடி வராந்தாவை மறந்தவர் எவரும் இருக்க முடியாது. கீழே மிளகுக் கிடங்கு, மேலே நம் மூன்று குடித்தனங்கள். காலை ஆறரை மணிக்கு, பல் தேய்த்த வாயோடு, உயர வரிசையில் ஒன்பது குழந்தைகள். எதிரே பெரியப்பா, பனியனும் நாலு முழ வேட்டியுமாக. அவர் கை மேலே போனால் மூச்சை இழுக்க வேண்டும், கீழே வந்தால் விட வேண்டும். ஐம்பது முறை, நிறுத்தாமல், வேகமாக. முப்பதைத் தாண்டும்போது விரல் நுனியில் எறும்பு ஊரும், உதடு மரத்துப்போகும். "சக்தி ஏறறது" என்பார் பெரியப்பா. இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் படித்துத் தெரிந்துகொள்ள இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

போன மாதம் நம் விழாக் குழுத் தலைவர் எனக்குப் போன் செய்தார். பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர்.

"நீ மூளை டிப்பார்ட்மென்ட்ல இருந்தவளாச்சே. அப்பாவோட மூச்சுக்கு சயன்ஸா ஒரு பக்கம் எழுதித் தா. ஹால்ல இப்போ வாராவாரம் கிளாஸ் நடக்கறது, அறியுமோ? பெரிய பெரிய ஆளெல்லாம் வரா. நடுநடுவிலே ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை போட்டாக்க மதி, போறும்."

"என்ன மாதிரி எழுதணும்?"

"நல்லதுன்னு எழுதணும். வேற எந்தா?"

என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும் நிமிராமல் சொன்னாள்: "நல்லதுன்னே எழுது. யாருக்கு நல்லதுன்னு மட்டும் எழுதாதே."

அவளுக்காகத்தான் எழுதுகிறேன். பெரியப்பா செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றும். உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் நீங்கள் அச்சடித்திருப்பீர்களா?

நான் சொல்லப்போவது ஒரே ஒரு மழைக்காலம். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஓணப் பரீட்சை வரை. எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஒன்பது. அப்பா பம்பாயில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். நடுவில் நாங்கள் பெரியப்பாவின் பொறுப்பு. தங்கை நாலாம் வகுப்புக்குப் போனதற்கு அப்பா பம்பாயிலிருந்து ஒரு அலுமினியப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். மூடியில் சிங்கத் தலை பொறித்த பூட்டு. நம் ஒன்பது பேரில் வேறு யாரிடமும் பெட்டி கிடையாது; எல்லாருக்கும் துணிப்பைதான். மழையில் துணிப்பை நனைந்து, சிலேட்டும் புத்தகமும் கிடங்கு ஈரத்தின் வாடை வீசும். அவள் பெட்டிக்குள் மட்டும் காய்ந்த காகித வாசனை. திறந்து முகர்ந்து பார்க்க நம்மில் சிலர் வரிசையில் நின்றோம். உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் நிற்கத் தொடங்கினாள்.

முதலில் பார்த்தது நான். மூச்சு வரிசையில் அவள் எனக்கு அடுத்து நிற்பாள். நாற்பதாவது மூச்சுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ, இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுபோனாள். விழவில்லை, துடிக்கவில்லை. கண் திறந்திருந்தது, பெரியப்பாவின் முகத்துக்கு நேராக. இமைகள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்த அடிப்புக்கு ஒரு தாளம் இருந்தது. கீழே கிடங்கில் பெண்கள் சுக்கு புடைப்பார்களே, முறத்தில் தட்டும் அந்தச் சத்தத்தின் வேகம். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் அவள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மூச்சை இழுத்தாள். ஆனால் அதற்குள் மற்றவர்கள் எண்ணிக்கையில் எங்கேயோ போயிருந்தார்கள். அவள் கணக்கு மட்டும் தப்பிவிட்டது.

"ஏண்டீ நின்னாய்?"

"நிக்கலையே பெரியப்பா."

அவளைப் பொறுத்தவரை அது உண்மை. பெரியப்பாவுக்கு அது பொய், கூடவே திமிர்.

"என் மூஞ்சியைப் பார்த்துண்டே அனங்காம அசையாம நின்னுட்டு, நிக்கலையாம். இன்னொரு அம்பது எடு."

எடுத்தாள். மறுபடி நாற்பதில் நின்றாள். இன்னொரு ஐம்பது. மறுபடி நின்றாள். ஒரு நாள் காலை ஐந்து முறை இது நடந்தது. நாம் எட்டுப் பேரும் சாயாவுக்குப் போய்விட்டோம். வராந்தாவில் அவளும் அவரும் மட்டும். அடுப்படி ஜன்னல் வழியாக அவர் கை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு அறை விழுந்த சத்தம்.

நோயைக் கிளப்புகிற காரியத்தையே நோய்க்குத் தண்டனையாகக் கொடுத்த மனிதர் வேறு எங்காவது இருந்திருக்கிறாரா என்று நான் தேடியதுண்டு. புத்தகங்களில் அகப்படவில்லை. அந்த வகையில் பெரியப்பா ஒரு முன்னோடிதான். மலரில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் ஒரு விஷயத்தில் மகா கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் போட்டு, ஊதி, முகர்ந்து, இது எந்தப் பக்கத்து மலை, எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை ஈரம் மிச்சம் என்று சொல்வார். அதனால் கண்ணால் ஒருமுறை பார்த்தால் எதையும் தரம் பிரித்துவிடலாம் என்று நம்பினார், குழந்தைகளையும் சேர்த்து. எட்டு முதல் தரம், ஒன்று கழிவு.

பள்ளியிலும் அவள் நின்றாள். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதும் கேட்டெழுத்தில் நடுவில் இரண்டு வார்த்தை காணாமல் போகும். பாட்டு சொல்லும்போது ஒரு அடி விட்டுப்போகும். ஆனால் கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்த என் கணக்கை அவள்தான் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போட்டுத் தருவாள். அதை நான் என் எழுத்தில் காப்பியடித்துக்கொள்வேன்.

ஆவணி தொடங்கியபோது அவளுடைய கிளாஸ் டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். மலையாளத்தில் நாலு வரி. குழந்தை இடையிடையே ஒரு நிமிஷம் இல்லாமல் போகிறாள், கூப்பிட்டால் தெரியவில்லை, வேண்டுமென்று செய்வதாகத் தோன்றவில்லை, ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது. பெரியப்பா அதை இரண்டு முறை படித்தார்.

கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். கணவரின் அண்ணாவுக்கு முன்னால் வந்து பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பேச வேண்டியதைக் கதவிடம் சொல்வாள். "டீச்சர் சொல்றதும் செரியாக்கும்னு தோணறது. எர்ணாகுளத்துக்கு ஒரு நாள் கூட்டிண்டு போனா..."

"டீச்சருக்கு எதுக்கு டாக்டர் வேலை?" என்றார் பெரியப்பா, கதவைப் பார்க்காமல். "இது வியாதி இல்லை. வியாதின்னா விழணும், நுரை தள்ளணும். இது நடிப்பு. இப்போ காட்டித் தரேன்."

அன்று சாயங்காலம், பள்ளிக்கூட உடுப்போடு, அவளை வராந்தாவின் நடுவில் நிறுத்தினார். மழை விட்டிருந்தது. படகுத்துறைப் பக்கம் யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சிலர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தீர்கள். கை ஏறியது, இறங்கியது. அவள் பயந்திருந்ததால் வழக்கத்தைவிட வேகமாக இழுத்தாள். முப்பது கூட ஆகவில்லை, நின்றாள். இமைகள் முறத்தின் வேகத்தில் அடித்தன.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் கூடவே இருக்கறவள். சொல்லு. இவ வேணும்னு செய்யறாளா, இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். வேணும்னுதான் என்று.

இது இவ்வளவு காலம் யாரிடமும் சொல்லாதது. படிக்கட்டில் இருந்த உங்களுக்குத் தெரியும், நீங்களும் சொன்னதில்லை. அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். பயத்தில் ஆட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். பயம் பாதிதான். மீதிப் பாதி அந்தப் பெட்டி, அந்தக் கணக்கு, என்னைவிட இரண்டு வயது சின்னவள் எனக்குக் கணக்குப் போட்டுத் தருவது. எண்ணி, தாளம் கண்டு, அது நடிப்பில்லை என்று அந்த வீட்டில் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் தலையாட்டி முடித்த பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "என்ன?" என்று கேட்டாள்.

"இது படிக்காது" என்றார் பெரியப்பா. "அடுப்படில நிக்கட்டும். அங்கே நின்னாக்க யாரும் கேக்க மாட்டா."

ஓணப் பரீட்சைக்கு அவள் போகவில்லை. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று பெரியப்பாவே எழுதினார். அம்மா கதவிடம் அழுதாள். பெட்டி ஒரு வாரம் மூலையில் கிடந்தது, பிறகு காணவில்லை. கிடங்கு மேஜை மேல் அதைப் பார்த்தேன். உள்ளே தடுப்பு வைத்து, காகிதப் பொட்டலங்களில் மிளகு மாதிரிகள். தரகர்களிடம் போகும்போது பெரியப்பா அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நான் படித்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. டெக்னீஷியன் ஆனேன். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே அறையில். தலையை நாடாவால் அளந்து, சிவப்பு மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, இருபத்தொரு இடத்தில் கம்பி ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் திரை கிடையாது. பேனாக்கள் வரிசையாகத் தாளைக் கீறும், தாள் மடிந்து மடிந்து கூடையில் விழும். கண்ணை மூடு, திற. விளக்கைச் சிமிட்டுவோம். அப்புறம் மூச்சு. ஆமாம், மூச்சுதான். ஆழமாக, நிறுத்தாமல், மூன்று நிமிஷம். குழந்தையாக இருந்தால் ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வோம். மறைந்திருக்கிற கோளாறை வெளியே இழுக்க அதைவிட எளிய வழி இல்லை.

பயிற்சிக்கு வந்த இரண்டாம் மாதம் ஒரு எட்டு வயதுப் பெண். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, நின்றது. அதே நொடியில் எல்லாப் பேனாக்களும் சேர்ந்து துள்ளின. ஒரு கூர்முனை, அதன் பின்னாலேயே ஒரு பருத்த அலை. மறுபடி கூர்முனை, மறுபடி அலை. நொடிக்கு மூன்று. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தையல் போட்டது போல. பேனாக்களின் சத்தத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். சுக்கு புடைக்கிற முறம்.

என் சீனியர் அந்தக் குழந்தையின் காதருகே குனிந்து, "மாம்பழம்" என்றார். அலைகள் நின்று, காற்றாடி சுற்ற ஆரம்பித்த பிறகு, தான் சொன்னது என்ன என்று கேட்டார்: "ஞான் எந்தா பறஞ்ஞது, மோளே?" குழந்தை விழித்தது. அதுதான் செய்முறை. அலை ஓடும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும். தெரியாது என்றால் அந்த நேரத்தில் குழந்தை அங்கே இல்லை என்று தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும். நான் குறித்தேன்.

பழி வாங்குவதற்கு வேண்டியது அந்தத் தாள்தான் என்று முடிவு செய்தேன். தங்கையின் பெயர் போட்ட ஒரு தாள். மடித்துக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் மடியில் விரிப்பது. அப்போது அவர் உயிரோடு, எழுபதைத் தாண்டாமல், மூக்கு கூர்மையாக இருந்தார். தங்கைக்குக் கல்யாணமாகி எர்ணாகுளத்திலேயே தேவராவில் குடித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரத்தில், அவளைப் படுக்கவைத்துக் கம்பி ஒட்டினேன்.

"மூச்சை இழு, வேகமா" என்றேன்.

"உனக்கும் இதுவே பொழைப்பா?" என்று சிரித்தாள். இழுத்தாள். மூன்று நிமிஷம், பிறகு நான் இன்னும் இரண்டு நிமிஷம் கேட்டேன், விதியை மீறி. விரலில் எறும்பு ஊர்கிறது என்றாள். பேனாக்கள் சாந்தமாகக் கோடு போட்டுக்கொண்டே போயின. ஒரு துள்ளல் இல்லை. டாக்டர் மறுநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: விழாமல் வெறித்து நிற்கிற இந்த வகை வலிப்பு சிறுவயதில் வரும், வளர்ந்தால் பலருக்கும் தானாகப் போய்விடும், வந்தபோது எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

வந்தபோது எடுத்திருந்தால். வந்தபோது எடுத்தது நான்தான், மனதுக்குள் எண்ணி. அந்தப் பதிவைத்தான் தலையை ஆட்டி அழித்தேன்.

பெரியப்பா தன் கட்டிலில், வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டு, மூச்சுத் திணறாமல், எண்பத்தாறு வயதில் போனார். ஐம்பது மூச்சின் பலன் என்று அண்ணா சாவு வீட்டிலேயே சொன்னார்.

சரி, நீங்கள் கேட்ட சான்றிதழ். பெரியப்பாவின் முறை விஞ்ஞானத்துக்கு முற்றிலும் உடன்பட்டது. மூளையின் தவறான தாளத்தை வெளிப்படுத்த ஆய்வறைகளில் நாங்கள் செய்ததும் அதுவேதான். சிறிய வித்தியாசங்கள் உண்டு. தொடங்குமுன் நாங்கள் இதயம், நுரையீரல், சமீபத்தில் பக்கவாதம் ஏதாவது வந்ததா என்று கேட்போம். அவர் பல் தேய்த்தாச்சா என்று கேட்டார். குழந்தை நின்றால் நாங்கள் குறித்துக்கொள்வோம், அவர் அறைந்தார். அந்தக் குறிப்பை வைத்து டாக்டர் மருந்து எழுதுவார், குழந்தை பள்ளிக்குப் போகும்; அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். உங்கள் வாராந்திர வகுப்புக்கு வருகிற பெரிய ஆட்களிடம் இதயத்தைப் பற்றியாவது கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் வார்த்தை வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் கண்காட்சி மேஜையைப் பார்க்க அண்ணா எங்கள் இருவரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், வெள்ளி டம்ளர். நடுவில் சிவப்புத் துணி விரித்து அலுமினியப் பெட்டி. "பெரியவர் வாழ்நாள் முழுதும் கையில் ஏந்திய மிளகு மாதிரிப் பெட்டி" என்று அட்டை.

தங்கை சிறிது நேரம் பார்த்தாள். கேட்காமலே சிங்கத் தலைப் பூட்டைத் தள்ளித் திறந்தாள். மிளகு வாசனை ஹாலையே தும்மவைத்தது. மூடியின் உள்பக்கம், காம்பஸ் முனையால் கீறியது, மலையாளத்தில் அவள் பெயர். கீழே 4 பி.

"ஓ" என்றார் அண்ணா. "பழைய பெட்டி ஏதோ எடுத்துண்டிருக்கார் போல..."

"பழசில்லை அண்ணா. புதுசு. ரெண்டு மாசம்தான் ஆயிருந்தது."

"செரி, செரி. ஃபங்ஷன் கழியட்டே, தந்துடறேன்."

"அம்பது மூச்சு எண்ணறேன்" என்றாள் தங்கை. "அதுக்குள்ள தந்தா மதி."

கையை மேலே தூக்கினாள், இறக்கினாள். ஒன்று. தூக்கினாள். இரண்டு. அலங்கார விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். பதினேழாவதில் அண்ணா பெட்டியை அவள் கையில் கொடுத்தார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, தும்மித் தும்மிச் சிரித்தபடி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. மேஜையில் சிவப்புத் துணியின் நடுவே இப்போது ஒரு இடம் காலியாக இருக்கும். அட்டையை எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். தினமும் கேட்கிறாள். அவளால் இதைப் படிக்க முடியாது. தமிழ் எழுத்து அம்மா எனக்குக் கற்றுத் தந்தாள். அவளுக்குத் தொடங்குமுன் அடுப்படி வேலை வந்துவிட்டது. மலையாளப் பேப்பரை நாலாம் வகுப்பு வேகத்தில், விரல் வைத்து, ஒரு செய்தி விடாமல் படிப்பாள்.

"நாளைக்குக் காலம்பற சாயா குடிச்சிட்டு வாசிச்சுக் காட்டு" என்று சொல்லியிருக்கிறாள். "பெரியப்பாவை நன்னா கிழிச்சிருக்காயா?"

"கிழிச்சிருக்கேன்."

"யாரையும் விடலையே?"

"விடலை" என்றேன்.

குழுவினருக்கு ஒன்று. நீளம் அதிகம் என்று எதையாவது வெட்டுவதானால் சான்றிதழை வெட்டுங்கள், பெட்டியை வெட்டுங்கள். நான் தலையாட்டிய இடத்தை மட்டும் தொட வேண்டாம். நாளை காலை அந்த இடம் வரும்போது தாளிலிருந்து கண்ணை எடுத்து, அவள் இமைகளைப் பார்த்துக்கொண்டு சொல்லப்போகிறேன். இந்த முறை அவள் அங்கே இருப்பாள்.